கல்லான மரமும் என் பிஸ்கட் டப்பாவும்

வில்லியனூர்ல எங்க வீட்டுப் பரண்ல ஒரு பிஸ்கட் டப்பா இருக்கு. முழுக்க நான் சேர்த்த கல்லுங்க. காசு கொடுத்து வாங்கின டோபாஸ் படிகம் ஒண்ணு, கூடவே விறகுத் துண்டு மாதிரி ஒரு கல். வர்ற நண்பர்கள் எல்லாரும் டோபாஸைத்தான் கையில எடுப்பாங்க. இன்னைக்கு நான் பேசப்போறது அந்த விறகைப் பத்தி.

அது திருவக்கரைக் கல்மரம்னு மாமா கொடுத்தார். எங்க ஊர்ல ஓடுற அதே சங்கராபரணிதான் அங்கேயும் ஓடுது. வக்ரகாளியம்மன் கோயிலுக்குப் போறவங்க பல பேர் பக்கத்துல இருக்கற தேசியக் கல்மரப் பூங்காவை எட்டிக்கூடப் பார்க்கறதில்ல. ஆனா 1781-லயே சொன்னேராங்கற பிரெஞ்சுக்காரர் இந்த மரங்களைப் பத்திக் குறிப்பிட்டிருக்கார்!

சுமார் 2 கோடி வருஷத்துக்கு முன்னாடி வெள்ளம் அடிச்சுட்டு வந்த மரங்கள் இவை. அங்கேயே நின்னு வளர்ந்ததா இருந்தா வேரும் கிளையும் இருக்கணும். இங்கே பெரும்பாலும் அடிமரம் மட்டும்தான் கிடைக்குது. மணல்ல புதைஞ்சதும் நிலத்தடி நீர்ல கரைஞ்சிருந்த சிலிக்கா மரத்துக்குள்ள ஊறி, செல் செல்லா நிரம்பி இறுகிடுச்சு. மரம் போய், அதோட அச்சு மட்டும் நின்னுது. வளையம், கணு எல்லாம் அப்படியே தெரியும். கத்தியால கீறினா கீறல் விழாது, ஏன்னா அது குவார்ட்ஸ் வகை, கடினத்தன்மை 7. டோபாஸுக்கு 8.

இங்கதான் எனக்கு உறுத்துது. டோபாஸ் எங்கிருந்து வந்தாலும் டோபாஸ்னு சோதிச்சுச் சொல்லிடலாம். கல்மரத்துல பாதி சேதி அது கிடந்த இடத்துலதான் இருக்கு: எந்த மண் அடுக்கு, எந்தப் பக்கம் சாய்ஞ்சு கிடந்தது, கூட என்ன மரம். எடுத்துட்டு வந்தா அந்தப் பாதி போச்சு. மிச்சப் பாதி, அதாவது என்ன மரம்கறது, மெல்லிசா சீவி மைக்ராஸ்கோப்ல பார்த்தாதான் தெரியும். பூங்காவை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை பாதுகாக்குது. அங்கிருந்து ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. (சிரிப்பு) ஆறாங்கிளாஸ்ல எனக்கு அதெல்லாம் எங்க தெரியும்?

மாமா அதை எங்க எடுத்தார்னு கேட்டதே இல்ல. இப்போ கேட்க அவரும் இல்ல. கல் சேர்க்கறவங்க ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு சீட்டு எழுதி வைப்பாங்க: பேர், ஊர், தேதி. போன வாரம் நானும் எழுதினேன். ஊர்ங்கற இடத்துல, ‘திருவக்கரை’ எழுதி, பக்கத்துல ஒரு கேள்விக்குறி.