கண் மஞ்சளாகாத செங்கண்மாரி

மன்னார்க் கரையோர மக்கள் செங்கண்மாரி என்று அழைக்கும் நோயை உண்டாக்கும் வைரசுகளுள் ஒன்றான ஹெப்படைட்டிஸ் ஈ, உடல்நலமுள்ளவரைச் சில வாரங்கள் வாட்டிவிட்டுப் பெரும்பாலும் தானாகவே நீங்கிவிடும். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரின் உடலிலோ அது ஆண்டுக்கணக்கில் தங்கி, வெளித்தெரியாமலே ஈரலை இறுகச் செய்யக்கூடும். புதிய உறுப்பை உடல் நிராகரிக்காதிருக்க அவர் நாள்தோறும் உட்கொள்ளும் டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள், வைரசை ஒழிக்கவேண்டிய நோயெதிர்ப்பாற்றலையும் சேர்த்தே தணிப்பது இதற்குக் காரணமாகும். பிரான்சின் துலூஸ் நகர மருத்துவர்கள், தொற்றுக்குள்ளான 14 உறுப்புமாற்று நோயாளரில் 8 பேருக்கு அது நாட்பட்ட நோயாக மாறியதை 2008இல் வெளியிடும்வரை, இத்தொற்று நீடிக்காது என்றே மருத்துவ உலகம் கருதியிருந்தது.

இவ்வைரசின் 1ஆம், 2ஆம் வகைகள் மலம் கலந்த நீரால் மனிதரிடையே பரவுகின்றன; 3ஆம், 4ஆம் வகைகள் பன்றி, காட்டுப்பன்றி, மான் ஆகியவற்றின் இறைச்சி வழியாக வருகின்றன. நாட்பட்ட நோய் பெரும்பாலும் 3ஆம் வகையாலேயே பதிவாகியுள்ளது எனினும், 4ஆம் வகை இந்தியப் பன்றிகளில் கண்டறியப்பட்டிருப்பதால் நமது பிரதேசம் இதைத் தொலைதூரச் சிக்கலாக எண்ணிவிட முடியாது. மாரி வெள்ளம் வடியாத மணற்றரையில் மலசலகூடக் குழிக்கு அருகேயுள்ள கிணற்று நீரைக் கொதிக்க வைத்தே பருகுவதும், காட்டுப்பன்றி வத்தலையும் ஈரற்கறியையும் மட்டியையும் உள்ளே முற்றாக வேகும்வரை சமைப்பதும் மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கு இன்றியமையாதவை. உப்பிட்டு வெயிலில் உலர்த்துவதை வைரசைக் கொல்லும் முறையாக நம்பக்கூடாது. இறைச்சியின் நடுப்பகுதி 71 பாகை செல்சியசில் 20 நிமிடம் வேகவேண்டும்.

பேரிடர் மறைந்திருப்பது நோயைக் கண்டறிவதிலேயே. பலருக்குக் கண் மஞ்சளாவதில்லை. களைப்போடு, கிளினிக்கில் எடுக்கும் இரத்தப் பரிசோதனையில் ஈரல் நொதிகள் சற்றே உயர்ந்திருப்பது மட்டுமே அறிகுறியாகலாம், அதையும் மருந்தின் பக்கவிளைவென்று எளிதில் ஒதுக்கிவிடலாம். நோயெதிர்ப்பாற்றல் தணிக்கப்பட்ட உடல் பிறபொருளெதிரிகளைப் போதிய அளவில் உருவாக்காமல் விடக்கூடுமாதலால், அவற்றைத் தேடும் பரிசோதனை 'இல்லை' என்று சொன்னாலும் அது முடிவான விடையன்று. வைரசின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.யை நேரடியாகத் தேடும் பீ.சி.ஆர். பரிசோதனையே நம்பத்தக்கது. அந்த ஆர்.என்.ஏ. மூன்று மாதங்களுக்கு மேல் இரத்தத்திலோ மலத்திலோ தொடர்ந்து காணப்படின் நோய் நாட்பட்டதாகக் கொள்ளப்படும்.

நோய்க்குத் தீர்வு உண்டு என்பதே பெரும் ஆறுதல். நிபுணர் டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகளின் அளவைக் குறைப்பதாலேயே ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினரிடம் வைரசு நீங்குகிறது. ஆனால் நோயாளி தாமாகக் குறைத்தால் சிறுநீரகத்தையே இழக்க நேரலாம். நீங்காதோருக்கு ரிபாவிரின் வழக்கமாக மூன்று மாதங்கள் தரப்படும். 2014இல் வெளியான ஆய்வொன்றில் அம்மருந்து பெற்ற 59 பேரில் 78 விழுக்காட்டினர் குணமடைந்தனர். அது இரத்தச்சோகையை உண்டாக்கும், கருவையும் பாதிக்கும் என்பதால் தொடர் கண்காணிப்பும் கருத்தடையும் தேவை. செங்கண்மாரிக்கென்று கீழ்க்காய்நெல்லியை அரைத்துக் குடிப்பதோ பிற நாட்டுமருந்தோ, சிகிச்சை வைத்தியருக்குத் தெரியாமல் நிகழலாகாது.

அரச வைத்தியசாலைகளின் சிகிச்சை இலவசமாதலால், நொதி உயர்வுக்கான காரணத்தையும் பீ.சி.ஆர். பரிசோதனைக்கான வழியையும் கேட்பது நோயாளியின் உரிமை. மன்னாரிலிருந்து கொழும்புக்கோ கண்டிக்கோ கிளினிக் செல்லும் களைப்பில் அக்கேள்வி விடுபடக்கூடாது. பரிசோதனை முடிவுகளின் பிரதி கிடைக்காவிடின், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அவ்வைத்தியசாலையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கோரலாம். 14 வேலை நாட்களுக்குள் அவர் தம் தீர்மானத்தை அறிவிக்கவேண்டும். வைரசு ஈரலழற்சி அறிவிக்கப்படவேண்டிய நோயாகையால், ஊரில் ஒருவருக்குக் கண் மஞ்சளானாலும் சுகாதார வைத்திய அதிகாரிக்குத் தகவல் போய், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கிணற்றைப் பார்க்கவேண்டும் என அயலவரும் கோரலாம்.