தோட்டக் கருவியும் சிங்கப்பூர்ச் சந்தையும்

ஒரு செயலில் இறங்குமுன் கருவியையும் இடத்தையும் ஒருங்கே எண்ணவேண்டும் என்பது வினைசெயல்வகையில் வள்ளுவர் தரும் அறிவுரை. தோட்டக் கைக்கருவிகளைச் செய்து அயல்நாட்டுக்கு அனுப்ப விழைவோர்க்கு இதனினும் ஏற்ற பாடம் வேறில்லை.

உள்ளூரில் விலைபோகும் கருவி கடல் கடந்தும் விலைபோகும் எனப் பலர் எண்ணுவர். இது பிழை என்பதற்கு இரப்பர் மரமே சான்று. தமிழர் ‘பூமலை’ என வழங்கும் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில், மரத்தைக் கெடுக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை ரிட்லி என்பார் 1890களில் வகுத்தார். அதற்கென்றே கத்திகள் தோன்றின. ஆயினும் மலாயாவில் பரவியது ‘ஜெபோங்’ கத்தி; இலங்கையிலும் கேரளத்திலும் பரவியது ‘மிச்சி கோலெட்ஜ்’ கத்தி. மரம் ஒன்றே, பழகிய கை வேறு. மண்வெட்டியும் அத்தகையதே. மலாய்க்காரரின் ‘சங்குல்’ நீண்ட பிடியுடையது. தமிழகத்து மண்வெட்டியின் பிடி குறுகியது.

இன்றைய சிங்கப்பூரில் மண் பிடித்து வேலை செய்வோர் இருவகையினர். முதல் வகையினர் வீட்டுத் தோட்டக்காரர். மக்களுள் பெரும்பாலோர் அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றனர். அவர்களுக்காக 2005இல் சமூகத் தோட்டத் திட்டம் தொடங்கிற்று. 2016 முதல் பூங்காக்களில் பாத்திகள் வாடகைக்கு விடப்படுகின்றன. ஒரு பாத்தியின் நீளம் 2.5 மீட்டர், அகலம் 1 மீட்டர். அங்கே மண்வெட்டிக்கு என்ன வேலை? கையடக்கமான மண்கரண்டியும் களைக்கொத்தும் கவாத்துக் கத்தரியுமே வேண்டும். இரண்டாம் வகையினர் சாலையோர மரங்களையும் பூங்காக்களையும் பேணும் தொழிலாளர். நாள் முழுதும் உழைக்கும் அவர்களுக்கு வலிய கருவி தேவை.

வரித் தடை இங்கே இல்லை. மது, புகையிலை, மோட்டார் வாகனம், எண்ணெய்ப் பொருள்கள் ஆகியவற்றுக்கு மட்டுமே இந்நாட்டில் சுங்கத் தீர்வை உண்டு. கருவிகளுக்கு, 2024 முதல் 9 விழுக்காடாக உள்ள பொருள் சேவை வரி மட்டுமே. ஆனால் திறந்த கதவு எல்லார்க்கும் திறந்ததே. சீனப் பொருளும் ஜப்பானியப் பொருளும் அதே கடையில் அருகருகே நிற்கும்.

ஆகவே தரமே துணை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊரில் பூச்சில்லாத இரும்பு விரைவில் துருவேறும். பதமாகாத மரப்பிடி ஆடும். கடன்பட்டு வாங்கிய இரும்பு விலைபோகாமல் கிடந்தால், சிறு பட்டறைக்காரரின் ஓராண்டு உழைப்பு வீணாகும்.

இதனைத் தவிர்க்க எளிய வழி ஒன்றுண்டு. ஞாயிறுதோறும் சிராங்கூன் சாலைப் பக்கம் கூடும் தமிழகத் தொழிலாளருள் தோட்ட வேலை செய்வோரும் உளர். பிடி எவ்வளவு நீளம் வேண்டும், அலகு எங்கே முறிகிறது என அவர்களைக் கேட்டு, மாதிரி பத்தைச் செய்து கொடுத்துப் பார்ப்பது நலம். ஆயிரம் செய்வது அதன் பிறகே.