சமையலறையில் விளக்கின் இடம்

பழைய சமையலறையைப் புதுப்பிக்க முற்படுவோர் மேடைக்குரிய கல்லையும் சுவருக்குரிய ஓட்டையும் தேர்ந்தெடுப்பதில் பல நாட்களைச் செலவிடுகின்றனர். விளக்கைப் பற்றிய எண்ணம் கடைசியில்தான் எழுகிறது. பூச்சு வேலை முடிந்தபின் கூரையின் நடுவில் ஒரு விளக்கைப் பொருத்தி நிறைவடைந்து விடுகின்றனர். அவ்விளக்கு மேடைமுன் நிற்பவரின் முதுகுக்குப் பின்னால் அமைவதால், அவருடைய நிழல் அவர் நறுக்கும் காயின்மீதே விழுகிறது. கத்தியின் விளிம்பும் அரிசியில் கிடக்கும் கல்லும் தெளிவாகத் தெரியவேண்டிய இடமே இருண்டு போகிறது.

இக்குறையை நீக்க மேலும் ஆற்றல் மிக்க விளக்கை வாங்குவது வழியன்று. ஒளியின் செறிவு தொலைவின் இருமடிக்கு ஏற்பக் குறைவது இயற்கை விதி. எல்லாத் திசைகளிலும் சீராக ஒளி வீசும் 900 லூமென் விளக்கு மேடைக்கு மேல் 1.5 மீட்டர் உயரத்தில் இருப்பின், சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒளி நீங்கலாக, நேர்கீழே ஏறத்தாழ 32 லக்ஸ் செறிவே கிடைக்கும். அதில் பாதியான 450 லூமென் விளக்கை 60 செ.மீ. உயரத்தில் அமைத்தால் ஏறத்தாழ 100 லக்ஸ் கிடைக்கும். பாதி விளக்கு மும்மடங்கு பயன் தருகிறது!

ஆகவே பொதுவெளிச்சத்திற்குக் கூரையில் ஒன்றும், வேலைக்கென மேடைக்கு மேலுள்ள அலமாரியின் அடியில் முன்விளிம்பை ஒட்டி ஒன்றும் வேண்டும். பின்னது கண்ணில் நேரே படாதவாறு ஒரு மறைப்புப் பட்டை இருத்தல் நலம். எல்.இ.டி. விளக்கின் ஆயுளை வெப்பம் குறைக்குமாதலால் அதனை அடுப்புக்கு நேர்மேலே அமைக்கலாகாது.

விளக்கு வாங்கும்போது வாட் எண்ணைமட்டும் நோக்குதல் போதாது. வாட் என்பது மின்செலவைக் குறிப்பது. ஒளியின் அளவைக் குறிப்பது லூமென். 60 வாட் இழைவிளக்கு ஏறத்தாழ 700 லூமென் தரும். அதற்கும் மிகுதியான ஒளியை 9 வாட் எல்.இ.டி. விளக்கு தருகிறது. 2015-இல் மத்திய அரசு தொடங்கிய உஜாலா திட்டத்தின் வாயிலாக இவ்விளக்குகள் நாடெங்கும் பரவின.

ஒளியின் நிறமும் கருதத்தக்கது. 2,700 கெல்வின் மஞ்சள் சாயலும், 6,500 கெல்வின் நீலம் கலந்த வெண்மையும் உடையவை. 4,000 கெல்வின் இடைப்பட்டது. நிறங்களை உள்ளவாறு காட்டும் திறனைக் குறிக்கும் எண் 80-க்குக் குறையாதிருத்தல் வேண்டும். 90 ஆயின் கீரையின் வாட்டமும் மீனின் புதுமையும் நன்கு புலப்படும்.

முதியோர் உள்ள வீட்டில் இவை யாவும் இன்றியமையாதவை. அறுபது வயதினரின் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதினருக்கு எட்டுவதில் மூன்றில் ஒரு பங்கே எனலாம். சமையலறையில் நெடுநேரம் உழைப்பவர் மூத்த பெண்மணியாகவும் இருக்கலாம் என்பதை மறத்தலாகாது.

கம்பிக் குழாய்களைச் சுவருக்குள் பதித்து ஓடு ஒட்டிய பின்னர் விளக்கின் இடத்தை மாற்றுவது பெருஞ்செலவு. எனவே பூச்சு வேலைக்கு முன்பே ஓர் எளிய சோதனை செய்துகொள்ளலாம். இரவில் மேடையின்மேல் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, சமைப்பவரை அங்கு நிற்கச் செய்க. மற்றொருவர் கைவிளக்கைப் பல இடங்களில் பிடித்துக் காட்டட்டும். தாளின்மீது நிழல் விழாத இடமே விளக்கிற்குரிய இடம். ஆசிரியர்கள் இதனை வகுப்பிலும், களப்பணியாளர்கள் ஊர்க்கூட்டத்திலும் செலவின்றிச் செய்து காட்டலாம்.