கோதுமையை விட்டால் உடம்பு இளைக்குமா?

சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்னதும் தமிழர் வீடுகளில் நடக்கும் முதல் காரியம், இரவுச் சோற்றை நிறுத்திவிட்டுச் சப்பாத்தி போடுவதுதான். மும்பை, தில்லி போன்ற ஊர்களில் வேலை பார்ப்பவர்களுக்கு அதில் சிரமமும் இல்லை. மெஸ்ஸில் கிடைப்பதே சப்பாத்திதான். இப்போதோ நேர் எதிரான யோசனை ஒன்று காதில் விழுகிறது. "கோதுமையை அடியோடு விடுங்கள்; தொப்பை கரையும், சர்க்கரை இறங்கும்" என்கிறார்கள்.

சோறும் ஆகாது, சப்பாத்தியும் ஆகாது என்றால் உழைக்கிறவன் எதைத்தான் சாப்பிடுவது? இந்த யோசனையில் உண்மை எவ்வளவு?

இளைப்பது எதனால்?

இந்தப் பேச்சு பரவ முக்கியக் காரணம், வில்லியம் டேவிஸ் என்ற அமெரிக்க இருதய மருத்துவர் 2011-இல் வெளியிட்ட புத்தகம். இக்காலக் கோதுமை ரகங்களே உடல் பருமனுக்குக் காரணம் என்று அவர் வாதாடினார். ஆனால் ஆளைப் பருக்க வைக்கும் தனிக்குணம் கோதுமைக்கு உண்டு என்று நிரூபிக்கப்படவில்லை.

இருந்தாலும், கோதுமையை விட்டவர்களில் பலர் இளைத்தது பொய்யல்ல. மும்பைக் குமாஸ்தா ஒருவரின் ஒரு நாளைப் பார்த்தால் காரணம் விளங்கும். காலையில் டீயுடன் காரி பிஸ்கட். பதினொரு மணிக்கு வடா பாவ். மதியம் டப்பாவில் சப்பாத்தி. மாலையில் ரயில் ஏறுமுன் சமோசா. சனிக்கிழமை இரவு பாவ் பாஜி. 'கோதுமை வேண்டாம்' என்று தீர்மானித்தால் இத்தனையும் ஒரே நாளில் நின்றுவிடும். கோதுமையோடு மைதாவும், வனஸ்பதியும், பொரித்த எண்ணெயும், சர்க்கரையும் போய்விடும். ஒரு வடா பாவில் மட்டும் சுமார் 300 கலோரி இருக்கிறது. உடம்பை இளைக்க வைத்தது இந்தக் கழிவுதான். முதல் வாரத்தில் குறையும் எடையில் பெரும்பகுதி உடலில் தேங்கியிருந்த நீர்.

சோறா, சப்பாத்தியா?

100 கிராம் கோதுமை மாவில் சுமார் 320 கலோரியும், 10 கிராம் புரதமும், 11 கிராம் நார்ச்சத்தும் உண்டு. 100 கிராம் தீட்டிய அரிசியில் கலோரி சுமார் 356. புரதம் 8 கிராம். நார்ச்சத்து 3 கிராமுக்கும் குறைவு. சமைத்த கணக்கில், ஒரு கிண்ணம் சோறு (150 கிராம்) ஏறக்குறைய எண்ணெய் தடவாத இரண்டு சப்பாத்திக்குச் சமம். சப்பாத்தியின் மேல் ஒரு தேக்கரண்டி நெய் தடவினால் சுமார் 45 கலோரி கூடும்.

எனவே சப்பாத்தியை விட்டுவிட்டு அந்த இடத்தில் சோற்றைக் குவித்தால் பலன் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்து 2025-இல் வெளியான ஆய்வும் இதையே காட்டுகிறது. இந்தியர் உண்ணும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அரிசிக்குப் பதில் கோதுமை, கோதுமைக்குப் பதில் சிறுதானியம் என்று ஆள் மாற்றுவது மட்டும் போதாது. மொத்த மாவுச்சத்தைக் குறைத்து, அந்த இடத்தில் பருப்பு, தயிர், முட்டை, மீன் ஆகியவற்றைச் சேர்ப்பதுதான் சர்க்கரை வியாதி வரும் வாய்ப்பைக் குறைக்கும்.

கோதுமை ஆகவே ஆகாதவர்கள்

சிலருக்கு மட்டும் கோதுமை உண்மையிலேயே விஷம். அவர்களுக்கு இருப்பது சீலியாக் நோய். கோதுமை, பார்லி ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் அவர்களுடைய சிறுகுடலின் உட்சுவரைச் சேதப்படுத்துகிறது. 1944-45 குளிர்காலத்தில் ஹாலந்தில் பஞ்சம் வந்து ரொட்டி கிடைக்காமல் போனபோது, இந்நோய் கண்ட குழந்தைகள் தேறியதை டிக்கே என்ற குழந்தை மருத்துவர் கவனித்தார். கோதுமையே காரணம் என்று 1950-இல் எழுதினார்.

இந்தியாவில் இந்நோய் வடக்கே அதிகம். தெற்கே மிகவும் குறைவு. ஆனாலும் நீடித்த வயிற்றுப்போக்கு, வயிற்று உப்பசம், மாத்திரை சாப்பிட்டும் தீராத ரத்தசோகை, வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லாத குழந்தை என்று இருந்தால் அலட்சியம் கூடாது.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். யாரோ சொன்னார் என்று முதலில் கோதுமையை நிறுத்திவிட்டு, சில மாதம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். கோதுமையை நிறுத்தியபின் ரத்தத்தைச் சோதித்தால், நோய் இருந்தும் இல்லை என்று வரலாம். ஆகையால் சோதனை முதலில், பத்தியம் பிறகு. நோய் உறுதியானால் பத்தியம் ஆயுள் முழுவதற்கும்.

அவர்கள் சப்பாத்தியை மட்டும் விட்டால் போதாது. ரவா உப்புமா, சேமியா, பரோட்டா, கேசரி எல்லாம் கோதுமைதான். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்திலும் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டே சாம்பாரில் போட வேண்டும்.

மற்றவர்கள் செய்யக்கூடியது

நோய் இல்லாதவர்கள் ரேஷன் கோதுமையைத் தள்ளிவிட்டு, 'குளூட்டன் இல்லாதது' என்று விலை உயர்த்தி விற்கும் பிஸ்கட்டை வாங்குவது வீண் செலவு. அந்த பிஸ்கட்டிலும் சர்க்கரையும் கொழுப்பும் உண்டு. மாற்றம் வேண்டுமென்றால் மகாராஷ்டிரத்துக் கடைகளிலேயே ஜ்வாரி என்ற சோளமும், பாஜ்ரி என்ற கம்பும், நாச்ணி என்ற நம் கேழ்வரகும் கிடைக்கின்றன. இவற்றில் குளூட்டன் இல்லை. ஆனால் சீலியாக் நோயாளிகள், கோதுமை அரைக்கும் மாவு மில்லில் இவற்றை அரைக்கக் கூடாது.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் திடீரென்று சாப்பாட்டைக் குறைத்தால் மயக்கம் வரலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டே குறைக்க வேண்டும்.

மற்றவர்கள் மைதாப் பண்டங்களை ஒரு மாதம் நிறுத்திப் பார்க்கலாம். இரவில் மூன்று சப்பாத்தியை இரண்டாக்கி, பருப்பையும் காய்கறியையும் கூட்டிக்கொள்ளலாம். தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் இடுப்பை அளந்து பார்க்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உள்ளே இருப்பது நல்லது.