ஞாயிற்றுக்கிழமைப் படக்கருவி

நுழையும்முன்

ஊதியம் கருதாமல், விடுமுறை நாள்களில் படக்கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு நகரத் தெருக்களில் நடப்பவர்களை நாம் கண்டிருக்கிறோம். அவர்கள் எடுக்கும் படங்களுள் சில காலப்போக்கில் நகரத்தின் ஆவணமாகின்றன. சில ஒரு குடும்பத்தின் அரிய உடைமையாகின்றன. சென்னையின் அன்றாட வாழ்வை முன்வைத்து, அத்தகைய ஆர்வலர்களின் பணியை விளக்குகிறது இப்பாடம்.

கள்ளக்குறிச்சி மாவட்டம் நைனார்பாளையத்திலிருந்து சென்னைக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் இரவுப் பேருந்தையே தேர்ந்தெடுப்பார்கள். சின்னசேலத்திலோ கள்ளக்குறிச்சியிலோ ஏறி, உளுந்தூர்ப்பேட்டை, விழுப்புரம், செங்கல்பட்டு ஆகிய ஊர்களை உறக்கத்திலேயே கடந்து, பொழுது புலரும் வேளையில் இறங்குவது வழக்கம். இறங்கும் இடம் மட்டும் என் வாழ்நாளில் இரண்டு முறை மாறிவிட்டது. 2002ஆம் ஆண்டு வரை பாரிமுனை, அதன்பின் கோயம்பேடு, 2023ஆம் ஆண்டின் இறுதியில் கிளாம்பாக்கம். மூன்று இடங்களிலும் மூட்டை முடிச்சுகளோடு இறங்கியவன் நான்.

முதுகலை பயில்வதற்காக முதன்முதலில் பாரிமுனையில் இறங்கியபோது என் பையில் மாமா கொடுத்த ஆக்ஃபா கிளிக்-3 படக்கருவி ஒன்று இருந்தது. மிக எளிய கருவி. 120 என்னும் அகன்ற சுருளில் சதுரமான பன்னிரண்டு படங்களை எடுக்கலாம். ஒவ்வொரு படத்திற்குப் பின்னும், கருவியின் பின்பக்கச் சிவப்புச் சாளரத்தில் அடுத்த எண் தெரியும்வரை சுருளைத் திருகவேண்டும். மறந்தால் ஒரு படத்தின்மேல் மற்றொரு படம் பதிந்துவிடும். பன்னிரண்டே வாய்ப்புகள் என்பதால், மனத்துக்குள் நூறு படங்கள் எடுத்த பிறகே விரல் பொத்தானை அழுத்தும்.

பாரிமுனைக்கு அண்மையில் அப்போது கொத்தவால்சாவடி காய்கறிச் சந்தை இயங்கிவந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கு நடந்துகொண்டிருந்தபோது, தலையில் வெங்காய மூட்டையுடன் வந்த ஒருவர் என் பேச்சைக் கேட்டு நின்றார். "தம்பி, நம்ம ஊருப் பக்கமா?" என்றார். எங்கள் ஊருக்கு அடுத்த சிற்றூர்க்காரர். கருவியைப் பார்த்ததும், "ஒரு போட்டோ எடு தம்பி, ஊருக்கு அனுப்பணும்" என்றார். மூட்டையை இறக்கிவைக்கச் சொன்னேன். நேரமில்லை என்று அப்படியே நின்றார். எடுத்தேன். அந்தப் படத்தைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன்.

ஆர்வலர் மரபு

ஒளிப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஆண்டு 1839. பாரிசில் தாகேர் என்பவரின் முறை அவ்வாண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் வெளியிடப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் சென்னையில் இக்கலைக்கென ஒரு கழகமே தோன்றிவிட்டது. சென்னையில் 1850ஆம் ஆண்டு ஓவியப் பள்ளியைத் தொடங்கிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டரின் முயற்சியால் 1857இல் உருவான சென்னை ஒளிப்படக் கழகம் இன்றும் நிலைத்திருக்கிறது. அப்பள்ளியே இன்றைய அரசு கவின்கலைக் கல்லூரி.

அக்காலப் படக்கலைஞருள் லின்னேயஸ் ட்ரைப் குறிப்பிடத்தக்கவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படைப்பிரிவில் அலுவலராக இருந்த இவர், ஆர்வத்தால் கற்ற கலையைக் கொண்டே 1856இல் சென்னை மாகாண அரசின் படக்கலைஞராக அமர்த்தப்பட்டார். மதுரை, திருவரங்கம், தஞ்சாவூர், புதுக்கோட்டை எனப் பல ஊர்களுக்குக் கனத்த கருவிகளை வண்டியில் ஏற்றிச் சென்று படமெடுத்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். செலவு மிகுதி என்று கருதிய அரசு சில ஆண்டுகளிலேயே அப்பணியை நிறுத்திவிட்டது. கல்வெட்டைப் படியெடுக்க ஆகும் செலவைக் கணக்கிட்டவர்கள், கல்வெட்டு அழிந்தால் ஆகும் இழப்பைக் கணக்கிட்டார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

ட்ரைப் போன்றோர் காலத்தில் இக்கலை செல்வமும் பதவியும் உடையோர்க்கு உரியதாகவே இருந்தது. 1888இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் விற்பனைக்குக் கொண்டுவந்த கோடாக் கருவி அந்நிலையை மாற்றத் தொடங்கியது. நூறு படங்களுக்கான சுருளை உள்ளே வைத்தே விற்றார்கள். எடுத்து முடித்ததும் கருவியை அப்படியே நிறுவனத்துக்கு அனுப்பினால், படங்களாக்கித் திருப்பித் தருவார்கள். வேதிப்பொருள்களைப் பற்றி ஒன்றும் அறியாதவரும் படமெடுக்க முடிந்தது. நம் நாட்டில் உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் பொதுத்துறை நிறுவனம், 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளைச் சுருள்களை உருவாக்கியது. நடுத்தர வருவாய்க் குடும்பத்து இளைஞர் பலருக்குக் கிடைத்த முதல் சுருள் அதுவே.

தெரிந்து தெளிவோம்

புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என்னும் மூன்று சொற்களும் வழக்கில் உள்ளன. கிரேக்க மூலத்தின் பொருள் 'ஒளியால் எழுதுதல்' என்பதாகும். ஆகவே, ஒளிப்படம் என்பதே பொருத்தமான சொல். எனினும், பேச்சில் 'போட்டோ' என்னும் சொல் நிலைபெற்றுவிட்டதை மறுக்க இயலாது.

நகரத்தின் திசையும் வெயிலின் திசையும்

படமெடுக்கப் பழகுவோர் முதலில் கற்கவேண்டியது கருவியின் விலையை அன்று. வெயில் எந்தத் தெருவில் எந்நேரம் எப்படி விழுகிறது என்பதையே. சென்னை கிழக்கே கடலைக் கொண்ட ஊர். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் கடலை நோக்கிக் கருவியைப் பிடித்தால், கதிரவன் எதிரே இருப்பான். படகுகளும் மனிதர்களும் கரிய உருவங்களாகவே பதிவார்கள். கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றால், அதே ஒளி ஏலம் கூறும் பெண்களின் முகங்களிலும் கூடையிலுள்ள மீன்களின் செதிள்களிலும் விழும். புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் கடலையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பழகியவர் திரும்பி நிற்பார்.

ஜார்ஜ் டவுன் பகுதியில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை கிழக்கு மேற்காகச் செல்வது. காலை வெயில் அதன் நீளத்துக்கும் ஓடிவரும். அதனைக் குறுக்கிடும் தங்கச்சாலைத் தெரு வடக்குத் தெற்கானது. இருபுறமும் நெருங்கிய கட்டடங்கள் இருப்பதால், உச்சிப் பொழுதை ஒட்டியே வெயில் தரையைத் தொடும். மற்ற நேரங்களில் மெல்லிய நிழலொளி மட்டுமே. முகங்களைப் படமெடுக்க அந்த நிழலொளி மிக உகந்தது என்பதைக் கற்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின.

கருவிக்குள் ஒளியை ஆள்பவை இரண்டு. ஒன்று வில்லையின் துளை. மற்றொன்று மூடி திறந்திருக்கும் நேரம். துளையைக் குறிக்கும் எண் பெருகப் பெருகத் துளை சுருங்கும் என்பது தொடக்கத்தில் குழப்பம் தரும். நல்ல வெயிலில் துளையை 16 என்னும் எண்ணில் வைத்து, சுருளின் உணர்திறன் 100 எனில் மூடியை நொடியில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு நேரம் திறந்தால் போதும். ஒளியளக்கும் கருவி வாங்க இயலாதோர்க்கு இந்த ஒரு விதியே நெடுங்காலம் துணைநின்றது. இன்று கைப்பேசி இக்கணக்குகளை எல்லாம் தானே செய்துவிடுகிறது. எங்கே நிற்பது என்பதை மட்டும் அது நமக்காக முடிவுசெய்வதில்லை.

எதைப் படமெடுப்பது?

சென்னையில் ஞாயிறு காலைகளில் குழுவாக நடந்து படமெடுப்போர் பலர் உள்ளனர். கணிப்பொறித் துறையினர், வங்கி ஊழியர், மாணவர், ஓய்வுபெற்றோர் எனப் பலரும் அவர்களுள் அடங்குவர். மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழா, பொங்கலுக்கு முந்தைய கரும்புச் சந்தை, மெரினாவின் மாலைப்பொழுது ஆகியவை அவர்கள் தவறாமல் செல்லும் இடங்கள். இவ்விடங்களைக் குறித்து எனக்கு ஒரு மனக்குறை உண்டு. ஒரே வண்ணப்பொடி, ஒரே முதியவரின் சுருக்கம் விழுந்த முகம், ஒரே பலூன் விற்பவர் என்று படங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. திருவிழாவை ஆயிரம் பேர் எடுக்கிறார்கள். திருவிழா முடிந்த மறுநாள் தெருவைப் பெருக்குபவரை எடுப்போர் அரியர்.

காசிமேட்டையே எடுத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. மீன்கள் இனப்பெருக்கம் செய்வதற்கான காலம் அது. ஏலம் இல்லை, கூட்டம் இல்லை என்று படக்கருவிகள் அப்பக்கம் அதிகம் செல்வதில்லை. ஆனால், வலை பின்னுவதும் படகைப் பழுதுபார்த்து வண்ணம் பூசுவதும் கடன் வாங்குவதும் அந்நாள்களில்தான் நிகழ்கின்றன. மீனவர் வாழ்வின் ஆறில் ஒரு பங்கு ஆண்டுதோறும் படமாகாமலே கழிகிறது.

அன்றாடம் என்பது கண்ணில் படாதது. மறைந்த பிறகே அதன் அருமை தெரியும். கொத்தவால்சாவடியின் மொத்த வணிகம் 1996இல் கோயம்பேட்டுக்கு மாறியது. மூர் மார்க்கெட் 1985இல் தீக்கு இரையானது. மின்சார இரயிலில் அட்டைப் பயணச்சீட்டைத் துளையிட்டுத் தந்த ஒலி போயிற்று. மாடிப்படியின்கீழ் இருந்த எஸ்.டி.டி. கூண்டுகளும் போயின. இவற்றைப் படமெடுக்க எந்த நிறுவனமும் எவரையும் அனுப்பவில்லை. எங்கோ ஓர் ஆர்வலர் வேறொன்றை எடுக்கும்போது பின்னணியில் தற்செயலாகப் பதிந்தவையே இன்று நமக்கு மிச்சம்.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் வாழ்ந்த விவியன் மையரை இங்கு நினைக்கலாம். 1926இல் பிறந்த இவர் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் செவிலித்தாயாகப் பல வீடுகளில் பணியாற்றினார். விடுமுறை நாள்களிலும், குழந்தைகளை உலவ அழைத்துச்செல்லும் வேளைகளிலும் கழுத்தில் தொங்கும் ரோலிஃப்ளெக்ஸ் கருவியால் தெருவையும் மனிதரையும் எடுத்துக்கொண்டே இருந்தார். எவரிடமும் பெரிதாகக் காட்டவில்லை. வாடகை செலுத்தப்படாததால் அவருடைய பெட்டகப் பொருள்கள் 2007இல் ஏலத்துக்கு வந்தன. உள்ளே இருந்தவற்றில் நூறாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள். பல சுருள்கள் கழுவப்படாமலே கிடந்தன. அவர் 2009இல் இறந்த பின்னரே உலகம் அவரை அறிந்தது. பணிப்பெண்ணின் கண்ணுக்குத் தெரிந்த சிகாகோ வேறு. நகரத்தாரின் கண்ணுக்குத் தெரிந்த சிகாகோ வேறு.

படம் யாருக்கு உரியது?

தெருவில் படமெடுப்பவர் எதிர்கொள்ளும் கடினமான வினா இது. உறங்கும் கூலித்தொழிலாளியை, குழாயடியில் குடத்துடன் நிற்கும் பெண்ணை, அவர்கள் அறியாமல் எடுப்பது முறையா? தனியுரிமை என்பது அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017இல் தீர்ப்பளித்துள்ளது. சட்டத்துக்கு அப்பாலும் ஒரு கணக்கு இருக்கிறது. நகரத்துத் தெருக்களில் கருவிக்கு எதிரே நிற்பவருள் பலர் நம் ஊர்களிலிருந்து கட்டட வேலைக்கும் சுமைதூக்கும் வேலைக்கும் சென்றவர்கள். எடுப்பவர் அப்படத்தைக் கண்காட்சியில் வைத்துப் பரிசு பெறுகிறார்; படத்தில் இருப்பவரின் கைக்கு ஒரு படி கூடச் செல்வதில்லை. இதை நான் பிறரைக் குறித்துச் சொல்லும் தகுதி உடையவன் அல்லன்.

கொத்தவால்சாவடியில் எடுத்த அந்தச் சுருளை ஊருக்கு வந்தபோது கழுவினேன். படம் நன்றாகவே வந்திருந்தது. அடுத்த முறை கொடுத்துவிடலாம் என்று ஒரு நூலுக்குள் வைத்தேன். அடுத்த முறை சென்றபோது அவர் அங்கில்லை. பின்னர்த் தேர்வு, வேலை, திருமணம். அடுத்த ஊர்தான்; மிதிவண்டியில் சென்றால் அரைமணி நேரம். பன்னிரண்டு ஆண்டுகள் செல்லவில்லை.

ஒருநாள் பள்ளி முடியும் வேளையில் இளைஞர் ஒருவர் வந்து வாயிலில் நின்றார். "சார், எங்கப்பா படம் ஒண்ணு உங்ககிட்ட இருக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு" என்றார். தந்தை இறந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. வீட்டில் வேறு படமே இல்லை. குடும்ப அட்டையில் இருந்ததும் முகம் தெரியாமல் மங்கிப்போயிருந்தது.

மூன்று நாள்கள் தேடினேன். நூலுக்குள் வைத்திருந்த படி கரையானுக்குப் போயிருந்தது. சுருளின் எதிர்ப்படம் மட்டும் ஒரு தகரப்பெட்டியின் அடியில் கிடைத்தது. வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் நிலத்தில் படச்சுருளில் பூஞ்சை எளிதில் படரும். காற்றுப் புகாத பெட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு வைக்கவேண்டும் என்பதெல்லாம் நான் பின்னர் அறிந்தவை. (2015ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் பல குடும்பங்கள் தம் ஆல்பங்களை இழந்தன. நனைந்த படங்களை ஒட்டிக்கொள்ளும் முன் பிரித்து, நல்ல நீரில் மெதுவாக அலசி, நிழலில் பரப்பி உலர்த்தினால் பெரும்பாலும் காப்பாற்றலாம்.) எதிர்ப்படத்தின் கீழ்ப்பகுதியில் பூஞ்சை படர்ந்து, கால்கள் போயிருந்தன. முகம் இருந்தது.

சின்னசேலத்தில் ஒரு படநிலையத்துக்கு இருவரும் சென்றோம். நிலையத்தார் பார்த்துவிட்டு, தலைமேல் இருந்த மூட்டையை நீக்கி, வெள்ளைச் சட்டை அணிவித்து, பின்னணியில் நீலம் வைத்துத் தருவதாகச் சொன்னார். மாலை போடும் படங்களை அப்படித்தான் செய்வார்கள். இளைஞர் சிறிது நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூட்டை இருக்கட்டுங்க" என்றார்.