தக்காளிக்கு ஒரு புத்தூர்க் கட்டு

காற்று ஒடித்திருந்தால் காற்றைத் திட்டியிருக்கலாம். ஒடித்தது என் கைதான். மொட்டை மாடியில் சாய்ந்து கிடந்த தக்காளிச் செடியை நிமிர்த்திக் கம்போடு சேர்த்துக் கட்டப் போனேன். ‘ப்ளக்’கென்று ஒரு சத்தம். நடுத்தண்டு முக்கால்வாசி ஒடிந்து, ஒரு பக்கத்துத் தோலைப் பிடித்தபடி தொங்கியது. மேலே ஆறு பிஞ்சுகள்.

“மஞ்சளைக் குழைச்சுப் பூசிக் கட்டுங்க தம்பி” என்றார் கீழ் வீட்டு அக்கா. மஞ்சள் வெளியே இருந்தால் தொல்லையில்லை. ஆனால் ஒட்டவேண்டிய இரண்டு முகங்களுக்கு நடுவே மஞ்சளோ சாணமோ மண்ணோ எதுவுமே புகக்கூடாது. பச்சைமேல் பச்சை படியவேண்டும்.

எலும்பு முறிவுக்குப் போடும் புத்தூர்க் கட்டில் மூங்கில் பத்தை வைப்பார்கள். நான் மூன்று தென்னை ஈர்க்கை விரல் நீளத்துக்கு நறுக்கிக்கொண்டேன். ஒடிந்த இடம் காய்வதற்குள் தண்டை மெல்லத் தூக்கிப் பழைய இடத்தில் பொருத்தி, சுற்றிலும் ஈர்க்குகளை நிறுத்தி, மாஞ்செடியில் ஒட்டுக் கட்டப் பயன்படுத்தும் பாலிதீன் பட்டையால் கீழிருந்து மேலாகச் சுற்றினேன். பட்டை இல்லாதவர்கள் எலக்ட்ரீஷியன் சுற்றும் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றலாம். செலோ டேப் வேண்டாம். இரண்டு தண்ணீர் பட்டதும் கழன்றுவிடும். கட்டுக்கு மேலேயும் கீழேயும் தண்டைக் கம்பில் பிணைத்தேன். பாரம் ஈர்க்கில் இறங்கக்கூடாது, கம்பில்தான் இறங்கவேண்டும். பிறகு மனசைக் கல்லாக்கிக்கொண்டு நாலு பிஞ்சையும் பாதி இலைகளையும் கிள்ளினேன். ஒடிந்த தண்டால் பழைய அளவுக்குத் தண்ணீர் ஏற்ற முடியாதே.

மறுநாள் மத்தியானம் செடி துவண்டு கிடந்தது. சாயங்காலம் நிமிர்ந்தது. அப்போதே பிழைத்துவிடும் என்று தெரிந்துவிட்டது. வெயிலில் வாடி இரவில் தேறினால் உள்ளே ஓட்டம் இருக்கிறது என்று பொருள். இரண்டு மூன்று நாள் விடிகாலையிலும் தலை தொங்கியே இருந்தால் கட்டை நம்பிப் பயனில்லை.

இவ்வளவு கெட்டியான உயிர் தக்காளிக்கு எங்கிருந்து வந்தது? பெரும்பாலான செடிகளில் இலை சமைத்த உணவைக் கொண்டுபோகும் குழாய்கள் நீர்க்குழாய்களுக்கு வெளிப்பக்கம் மட்டுமே இருக்கும். தக்காளி, கத்திரி, மிளகாய்க் குடும்பத்திலோ வெளியே ஒரு வரிசை, உள்ளே இன்னொரு வரிசை. கூடவே, காயம் பட்ட இடத்துத் திசு விறுவிறுவென்று பெருகி இடைவெளியை அடைக்கும். ஒரு வாரம் பத்து நாளில் அந்த இடம் கணுபோலப் புடைக்கும்.

இந்தக் குணத்தை வைத்துத் தொழிலே நடக்கிறது. கத்திரி வேரில் தக்காளியை ஒட்டினால் வயலில் தண்ணீர் தேங்கினாலும் வாடல் நோய் வந்தாலும் தாங்கும் என்று தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொடுக்கிறது. சாய்வாக ஒரு வெட்டு, ஒரு ரப்பர் குழல், ஈரக்காற்றும் நிழலுமாக ஒரு வாரம், அவ்வளவுதான். வாரணாசியில் உள்ள இந்தியக் காய்கறி ஆராய்ச்சி நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரே செடியில் கத்திரியும் தக்காளியும் காய்க்கும் ‘பிரிமேட்டோ’வை உருவாக்கியது. வேறு வேறு செடிகளே ஒட்டும்போது, தன் தண்டோடு தான் ஒட்டுவதா பெரிய காரியம்?

தண்டு முழுக்க அறுந்து கையோடு வந்துவிட்டதா? கட்டுப் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். தக்காளித் தண்டில் சின்னச் சின்ன முண்டுகள் தெரியும். வேர் விடக் காத்திருக்கும் இடங்கள் அவை. அடி இலைகளையும் பூக்களையும் கிள்ளி, துண்டை ஈர மண்ணில் ஆழ நட்டு நிழலில் வைத்தால் பத்து நாளில் வேர் பிடிக்கும். அடிக்கட்டையிலும் இலைக் கக்கத்திலிருந்து புதுக் கிளை வரும். போனது ஒன்று, வந்தது இரண்டு.

ஆனால் சாய்ந்ததெல்லாம் ஒடிந்ததல்ல. மண்ணை ஒட்டிய பகுதி பழுப்பாகிக் குழைந்திருந்தால் அது அழுகல். இலை பச்சையாக இருக்கும்போதே செடி திடீரென்று வாடினால், அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் பிடித்துப் பாருங்கள். சில நிமிடங்களில் பால்போல வெள்ளை இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்தச் செடியைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், வேரோடு எடுத்துவிடுங்கள். வெட்டிய கத்தியையும் கழுவுங்கள்.

உண்மையில் என் தப்பு கட்டும்போது நடந்ததல்ல, ஒரு மாதம் முன்பே நடந்தது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் தக்காளி வயல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: வரிசையாகக் கம்பு, அதன் தலையில் கம்பி, கம்பியிலிருந்து செடிக்குக் கயிறு. செடி சாயும்வரை அங்கே யாரும் காத்திருப்பதில்லை. தொட்டிச் செடிக்கும் நாற்று நடும்போதே கம்பை ஊன்றவேண்டும். பிறகு குத்தினால் வேர் அறுபடும். நானோ செடி படுத்தபிறகு கம்பு தேடினேன். கயிற்றைத் தண்டிலும் கம்பிலுமாக எட்டுப் போட்டு, நடுவில் ஒரு விரல் நுழையும்படி தளர்வாக விடுங்கள். இறுக்கிக் கட்டினால் தண்டு பருக்கும்போது கயிறே அறுத்துவிடும். பழைய காட்டன் வேட்டியைக் கிழித்த நாடாவுக்கு ஈடான கயிறு கடையில் கிடையாது.

மூன்றாவது வாரம் பட்டையைக் கத்தி நுனியால் கீறி எடுத்தேன். கட்டுக்கு மேலே விட்டுவைத்த இரண்டு பிஞ்சும் பழுத்தன. ஒன்றை அணில் கொண்டுபோய்விட்டது.