விரைவும் வாரும்

சேவூர்ப் பட்டுத் தறிகளில் பணி புரிவோர் நன்கறிந்த செய்தி ஒன்றுண்டு. பாவிழையை நிதானமாக இழுத்தால் தாங்கும். வெடுக்கென்று இழுத்தால் அறும். மோட்டார் விபத்தில் மனித உடலுக்கு நேர்வதும் ஏறக்குறைய இதுவே.

மாணவர்களே, சிறிது கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் சுவரில் மோதுகிறது. வார் அணிந்தவர், காரின் முகப்பு நசுங்கும்போது அதனுடன் சேர்ந்து 60 சென்டிமீட்டர் தூரத்தில் நிற்பாராயின், அவர்மீது தாக்கும் விசை அவருடைய எடையைப்போல் 16 மடங்கு. வாரில்லாதவரோ முன்னே எறியப்பட்டுப் பலகையில் மோதி, 5 சென்டிமீட்டருக்குள் நிற்கிறார். விசை ஏறத்தாழ 200 மடங்காகிறது!

ஸ்வீடன் நாட்டு வால்வோ நிறுவனத்தின் பொறியாளர் நில்ஸ் போலின் 1959-இல் அளித்த மும்முனை இருக்கை வார் இந்த வேற்றுமையை உணர்ந்து அமைத்தது. அதுவும் நெய்த நாடாவே. தோளையும் இடுப்பையும் பற்றிச் சற்றே நீண்டு கொடுக்கிறது.

அக்காலத்து விரைவுக் கார்களுள் பலவற்றில் இவ்வசதி இல்லை. 1961-இல் வெளிவந்த ஜாகுவார் ஈ-டைப் மணிக்கு 240 கிலோமீட்டர் ஓடும் எனப் புகழ்பெற்றது. அழகிய வண்டிதான், ஆனால் அத்தகைய பழைய வண்டிகளில் மோதலின்போது மடங்காத திசைதிருப்பித் தண்டு ஓட்டுபவரின் மார்பை நோக்கி வரக்கூடும். பின்னாளில் வார் பொருத்த விரும்புவோர் அதனை மெல்லிய தகட்டில் முடுக்கினால், தகடே பிய்ந்து வந்துவிடும். வலுவூட்டிய இடம் வேண்டும்.

சென்னைக்கு வடக்கே சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் கார்ப் பந்தயங்கள் பல்லாண்டு நடந்தன. 1990-இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடம் அமைந்தது. தடத்தில் எல்லா வண்டிகளும் ஒரே திசையில் செல்லும். ஆரணிச் சாலையிலோ ஆடும் குறுக்கே வரும், மிதிவண்டியும் வரும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், கண் கண்டு கால் பிரேக்கை அழுத்தும் அந்த ஒரு நொடிக்குள் வண்டி 28 மீட்டர் கடந்துவிடும்.

வளைவுகளில் வேறோர் இடர் உண்டு. பழைய போர்ஷே 911-இல் இயந்திரம் பின்சக்கரங்களுக்கும் பின்னால் இருக்கிறது. வளைவின் நடுவில் அஞ்சி ஆக்ஸிலரேட்டரை விட்டால், பாரம் முன்னே சாய்ந்து பின்சக்கரங்களின் பிடி தளரும். வண்டியின் வால் சுழன்றுவிடும். ஆதலின் வேகத்தை வளைவிற்கு முன்பே, நேர்ப்பாதையிலேயே குறைத்துக் கொள்ளல் வேண்டும். டிரம் பிரேக் உடைய வண்டியாயின் அடிக்கடி அழுத்தினால் சூடேறிப் பிடிப்புக் குறையும். முன்செல்லும் வண்டிக்கு இன்னும் கூடுதலான இடைவெளி விடுதல் தகும். மழைநாளில் அவ்விடைவெளி இருமடங்காக வேண்டும்.